கலிஃபோர்னியா ரியல் எஸ்டேட் சேல்ஸ்பர்சன் தேர்வுக்கு எப்படித் தயாராவது? தமிழ்வழியில் படித்தவர்களால் முடியுமா?

முடியும். பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன், மீதியெல்லாம் என் புராணம்.

"தமிழ் மீடியம்தான் படித்தேன், நாற்பது தாண்டிவிட்டது, கணக்கு சுத்தமாக வராது, சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருக்கிறேன்" என்று ஒரு குற்றப்பத்திரிகையே வாசித்துவிட்டு அப்புறம்தான் கேள்விக்கு வந்திருக்கிறீர்கள், இரண்டு மாதம் போதுமா என்பதையும் சேர்த்து. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் படிக்கப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் படித்தேன். திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளி, அப்புறம் பி.காம்., கல்யாணம், ஃப்ரீமாண்ட். தேர்வு எழுதப் போகிறேன் என்றதும் என் கொழுந்தனார் போனில் சிரித்தார்: "ஏன் அண்ணி, புரோக்கர் வேலைக்கெல்லாமா பரீட்சை வைக்கிறாங்க?"

அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். ஆமாம் தம்பி, வைக்கிறார்கள். 150 கேள்விகள், மூன்று மணி நேரம், 70 சதவீதம் வந்தால்தான் தேர்ச்சி. அதாவது 105 கேள்விக்குச் சரியான விடை வேண்டும். அதற்கு முன்னால் மூன்று பாடங்களை முடித்திருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 45 மணி நேரம். பிரின்சிபிள்ஸ் (அடிப்படைகள்), பிராக்டிஸ் (நடைமுறை) இரண்டும் கட்டாயம். மூன்றாவது நம் விருப்பம். நான் லீகல் ஆஸ்பெக்ட்ஸ் (சட்டப் பக்கம்) எடுத்தேன், அதையே உங்களுக்கும் சொல்வேன். கம்யூனிட்டி காலேஜில் படித்தால் கலிஃபோர்னியாவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான். ஆன்லைன் கோர்ஸ்காரர்கள் சீக்கிரம் முடிக்க வைப்பார்கள், ஆனால் பாடத்துக்கு ஒரு விலை, பயிற்சிக் கேள்விக்கு ஒரு விலை, "பாஸ் கேரண்டி"க்கு ஒரு விலை என்று பிய்த்துப் பிய்த்து வாங்குவார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

"ஆப்பில் ஆயிரம் கேள்வி போட்டுப் பார், பாஸ்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். அப்படிப் பாஸானவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் நம்மைப் போல இந்த ஊர் வழக்கத்தோடு வளராதவர்களுக்கு அது மட்டும் போதாது, ஏனென்றால் நம் தலைக்குள் ஏற்கெனவே வேறு ஒரு ரியல் எஸ்டேட் உட்கார்ந்திருக்கிறது.

கணக்குப் பயத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்தத் தேர்வில் கணக்கு மிகக் குறைவு. இருப்பதும் வட்டி, கமிஷன், வரியை நாள் கணக்கில் பிரிப்பது, வாடகை வருமானத்திலிருந்து வீட்டின் மதிப்பைச் சொல்வது என்ற அளவில்தான். ஒரு ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்று வெள்ளைக்காரப் பையன் அட்டையில் எழுதி வைத்து உருப்போடுவான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர் என்பது நமக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். அவ்வளவுதான் கணக்கு.

கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்று மாநில அரசின் ரியல் எஸ்டேட் துறையே வெளியிட்டிருக்கிறது. நடைமுறையும் டிஸ்க்ளோஷரும் (சொல்ல வேண்டியதை வெளிப்படையாகச் சொல்வது) 25 சதவீதம். ஏஜென்சி சட்டம் (கட்சிக்காரருக்கும் மற்றவருக்கும் ஏஜெண்டின் கடமைகள்) 17. சொத்துரிமை, நிலப் பயன்பாடு 15. மதிப்பீடு 14. ஒப்பந்தங்கள் 12. கடன் 9. சொத்து கைமாறுவது 8. முதல் இரண்டைக் கூட்டிப் பாருங்கள், நாற்பதுக்கு மேல் வருகிறது. நாம் சறுக்குவதும் அங்கேதான்.

என் அப்பா பத்திர எழுத்தர். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் பத்திரம் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். பகலில் படித்ததை ராத்திரி அவருக்குப் போன் போட்டுத் தமிழில் சொல்வேன். எனக்குப் புரியாதது எது என்று அப்போதுதான் தெரியும். ஒருநாள், "கிரயப் பத்திரத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, வாங்குபவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் போதும்ப்பா, கவுன்டி ஆபீசில் பதியாவிட்டாலும் அவங்க ரெண்டு பேருக்குள்ள அது செல்லும்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பதியாத பத்திரம் எப்படிம்மா செல்லும்? புஸ்தகத்துல அச்சுப் பிழையா இருக்கும், நல்லாப் பாரு" என்றார். அச்சுப் பிழை இல்லை. இங்கே பதிவு என்பது ஊருக்கு அறிவிப்பதற்கும், அதே சொத்துக்கு வரும் அடுத்தவரை முந்திக்கொள்வதற்கும். நோட்டரி முன்னால் கையெழுத்து வேண்டியதும் பதிவதற்காகத்தான். இது தேர்வில் கேட்கக்கூடிய கேள்வி. சார்பதிவாளர் அலுவலக வாசலில் வளர்ந்த நானும் நீங்களும் யோசிக்காமல் தப்பான விடையைத்தான் தொடுவோம்.

வில்லங்கம் யார் பார்ப்பது என்று அடுத்த நாள் கேட்டார். டைட்டில் கம்பெனி பார்த்து முன்னறிக்கை தரும், அதில் விட்டுப்போனதற்கு இன்சூரன்ஸும் தரும், பணத்தையும் பத்திரத்தையும் எஸ்க்ரோ என்ற பொதுவான மூன்றாம் தரப்பு நடுவில் வைத்திருக்கும் என்றேன். "அப்ப பத்திர எழுத்தருக்கு என்னதான் வேலை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என் பாடப்புத்தகத்தில் விடை இல்லை.

இப்போது ஏஜென்சி. ஒரு மாதிரிக் கேள்வி சொல்கிறேன், நானே கட்டியது. கூரை ஒழுகுகிறது. "பெயின்ட் அடித்துவிட்டேன், வாங்குபவரிடம் வாயைத் திறக்காதே" என்கிறார் விற்பவர். அவருடைய ஏஜெண்ட் என்ன செய்ய வேண்டும்? கட்சிக்காரருக்கு விசுவாசம் என்று படித்திருப்பதால் சும்மா இருக்க வேண்டும் என்று தோன்றும். தப்பு. வீட்டின் குறையைச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த கேள்வி: விற்பவருக்கு விவாகரத்து, அவசரமாகப் பணம் வேண்டும், கேட்பதைவிடக் குறைவாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். வாங்குபவரிடம் சொல்லலாமா? கூடாது. வீட்டின் குறையை மறைக்கக் கூடாது, ஆளின் நெருக்கடியை வெளியே விடக் கூடாது. நம் ஊர்த் தரகர் இரண்டையும் தலைகீழாகச் செய்வார். விரிசலைப் பற்றி மூச்சு விட மாட்டார், ஆனால் "பார்ட்டிக்குப் பொண்ணு கல்யாணம் வச்சிருக்கு, அடிச்சுப் பேசலாம் சார்" என்று காதில் ஓதிவிடுவார். (எல்லாத் தரகரையும் சொல்லவில்லை. நேர்மையான தரகர்களும் உண்டு, அப்பாவுக்கே நண்பர்கள் இருந்தார்கள். சண்டைக்கு வராதீர்கள்.)

1984இல் ஈஸ்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர் என்று ஒரு தீர்ப்பு வந்தது. சரியாகக் கெட்டிக்காத மண் நிரப்பலின் மேல் கட்டிய வீடு, வாங்கிய பிறகு மண் சரிந்தது. சரிவில் வலை போட்டிருந்ததையும் தரை சமமாக இல்லாததையும் பார்த்தும் ஏஜெண்டுகள் விசாரிக்கவில்லை. அதிலிருந்துதான், வீட்டைக் கண்ணால் பார்த்துச் சோதித்துத் தெரிந்ததைச் சொல்வது ஏஜெண்டின் கடமை என்றானது, பிறகு சட்டமாகவும் வந்தது. எனக்குச் சொன்னால்தானே தெரியும் என்று தப்பிக்க முடியாது. இதை ஒரு கதையாக நினைவில் வைத்துக்கொண்டால் டிஸ்க்ளோஷர் பகுதியில் பாதி வந்துவிடும்.

இன்னொன்று நம்மவர்கள் கட்டாயம் கேட்பது: இந்த வீட்டில் யாராவது செத்தார்களா? கலிஃபோர்னியாவில் நடந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆன சாவைத் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. கேள்வியில் "கேட்டார்" என்ற ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் விடை மாறும். அதனால்தான் கேள்வியின் கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்கிறேன். "எக்செப்ட்" (இதைத் தவிர), "லீஸ்ட் லைக்லி" (வாய்ப்பு மிகக் குறைந்தது) எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். இங்கிலீஷ் மீடியம்காரர்கள் வேகமாகப் படித்து இதில் விழுவார்கள். நாம் மெதுவாகப் படிப்பவர்கள், விழ மாட்டோம். மூன்று மணி நேரம் தாராளம்.

ஃபேர் ஹவுசிங், அதாவது வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு கூடாது என்ற பகுதியைச் சும்மா புரட்டிவிட்டுப் போகாதீர்கள். 1968இன் மத்தியச் சட்டம் ஒருபக்கம், கலிஃபோர்னியாவின் அன்ரூ சட்டம் ஒருபக்கம். நம் வாட்சப் குழுவில் "தனி வீடு வாடகைக்கு, இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்" என்று போடுகிறார்களே, அந்த விளம்பரமே சட்ட மீறல். "அந்த ஏரியாவில் நம்ம ஆளுங்க இருக்காங்களா?" என்று வாடிக்கையாளர் கேட்டு, ஏஜெண்ட் அதை வைத்து வீடு காட்டினால் அது ஸ்டீயரிங் (இனம் பார்த்து ஒரு பக்கமாகத் திருப்பிவிடுவது), லைசென்ஸுக்கே ஆபத்து. இதைச் சொன்னால் நம்மவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபிக்கும் முன் கொஞ்சம் வரலாறு பார்க்கலாம். 1913இல் இந்த மாநிலம், குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஜப்பானியர்களைக் குறிவைத்துப் போட்டது. 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்களும் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்றதும், நம் ஆட்களும் அதில் மாட்டினார்கள். பஞ்சாபி விவசாயிகள் நிலத்தை அடுத்தவர் பேரில் எழுதி வைத்துப் பிழைத்தார்கள். எங்கள் வீட்டுப் பத்திரக் கட்டின் மேலேயே ஒரு அறிவிப்பு இருக்கிறது: உள்ளே இனம், மதம், பிறந்த நாடு பார்த்து யாரையும் தடுக்கும் நிபந்தனை ஏதாவது இருந்தால் அது செல்லாது என்று. வீடு வாங்கியபோது பார்க்காமல் கையெழுத்துப் போட்ட காகிதம் அது. படிக்க ஆரம்பித்த பிறகுதான் எடுத்து வாசித்தேன்.

நிபந்தனை என்றதும் ஞாபகம் வருகிறது. சிசி அண்ட் ஆர் என்று ஒன்று படிப்பீர்கள், குடியிருப்புச் சங்கத்தின் விதிகள். எங்கள் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, கொல்லைப்புறத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறீர்களாம், பார்வைக்கு அழகாக இல்லையாம், அபராதம் போடுவார்களாம். கொல்லைப்புறம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியது, வேலியும் இருக்கிறது. காய்ந்தது மாமனார் வேட்டி இரண்டு. இந்த வெயிலில், வறட்சி வறட்சி என்று புலம்பும் மாநிலத்தில், மின்சாரத்துக்கு இவ்வளவு கொட்டிக்கொடுக்கும் ஊரில், வேட்டியை எந்திரத்தில் போட்டு வறுக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டில் ஹாலோவீன் அலங்காரம் என்று பத்தடி உயரத்துக்குப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு மாதக்கணக்கில் நிற்கிறது, அது அழகு. தனக்கே உரிய கொல்லைப்புறத்தில் கொடி கட்டுவதைச் சங்கம் ஒரேயடியாகத் தடை செய்யக் கூடாது என்று 2016 முதல் சட்டம் இருக்கிறது. பால்கனிக் கைப்பிடியில் போட்டால்தான் அந்தச் சட்டம் காப்பாற்றாது. சட்டப் பிரிவைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினேன். பிறகு அவர்களிடமிருந்து மூச்சில்லை. லைசென்ஸ் படிப்பால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் கமிஷன் இல்லை, அந்த வேட்டிதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பழைய புத்தகம் வாங்காதீர்கள், தோழி கொடுத்தாலும். வாங்குபவரும் அவருடைய புரோக்கரும் (இங்கே அது சேல்ஸ்பர்சனுக்கு மேற்பட்ட லைசென்ஸ்) எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்பது 2025 ஜனவரி முதல் இங்கே சட்டம், தனிநபருக்கு அது மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. பழைய கேள்வித் தொகுப்பில் இது இருக்காது. பிராக்டிஸ் பாடத்திலும் 2024 முதல் ஃபேர் ஹவுசிங் பகுதி கூடியிருக்கிறது.

இரண்டு மாதம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று பாடத்தையும் சேர்த்து இரண்டு மாதம் என்றால் மூச்சு முட்டும். பாடங்கள் முடிந்த பிறகு தேர்வுக்கு மட்டும் இரண்டு மாதம் என்றால் தாராளம். விண்ணப்பித்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தேறினால் போதும், தவறினால் மறுபடி கட்டணம் கட்டி எழுதலாம். நான் எழுதியது ஓக்லண்டில். தேறினால் மதிப்பெண் சொல்ல மாட்டார்கள், தவறினால்தான் எந்தப் பகுதியில் எத்தனை சதவீதம் என்று பிரித்துக் காட்டுவார்கள். பாஸ் என்று சொன்னதும் அப்பா கேட்டது, "எத்தனை மார்க்?" சொல்ல மாட்டாங்கப்பா என்றால் நம்பவில்லை. கொழுந்தனாரும் நம்பவில்லை, "குறைச்சலா இருக்கும், அதான் அண்ணி மறைக்கிறாங்க" என்றாராம். மறைப்பது பற்றித்தான் இத்தனை நாள் படித்தேன் என்று சொல்லியனுப்பினேன்.

தேறிய ஒரு வருடத்துக்குள் லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், கைரேகை கொடுக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு புரோக்கரின் கீழ்தான் வேலை. வாடிக்கையாளரிடம் நேராகக் காசு வாங்கக் கூடாது, எல்லாம் புரோக்கர் வழியாகத்தான் வரும். இதுவும் தேர்வுக் கேள்விதான். எச்4 என்ற சார்பு விசாவில் இருக்கிறேன், வேலை பார்க்கலாமா என்று தனியாக மெசேஜ் அனுப்பாதீர்கள், அது குடியேற்ற வக்கீலிடம் கேட்க வேண்டியது.

கடைசியாக ஒன்று, நம்மவர்களுக்கு மட்டும். விண்ணப்பத்தில் பெயரை உங்கள் அடையாள அட்டையில் இருப்பது போலவே எழுதுங்கள். இனிஷியல், அப்பா பெயர், கணவர் பெயர் என்று பாஸ்போர்ட்டில் ஒன்று, ஓட்டுநர் உரிமத்தில் ஒன்று வைத்திருப்போம். அதைத் தேர்வு மையத்தின் வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது, முதலிலேயே சரி செய்துவிடுங்கள்.