105 போதாதா? (கடிதம்)

அன்புள்ள அண்ணாச்சி,

2015-இல் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2025-இல் கோல்ஃப் ஜிடிஐ இங்கே விற்பனைக்கு வந்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. 265 குதிரைத்திறன், ஐம்பது லட்சத்துக்கு மேல் விலை. அந்தப் பணத்துக்கு கே.டி.சி. நகரில் மனை வாங்கலாம் என்கிறாள் மனைவி. நீங்கள் கார் பைத்தியம் என்பதால் கேட்கிறேன். மாறலாமா?

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள ம.,

மனை விவகாரத்தில் நான் தலையிட மாட்டேன். அது உங்கள் வீட்டு வழக்கு.

1976-இல் ஜெர்மனியில் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐக்கு 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன். ஹாட் ஹேட்ச், அதாவது சின்னக் குடும்பக் காருக்குள் வேக எஞ்சின், என்றாலே இன்றைக்கும் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். உங்கள் போலோவுக்கும் அதற்கும் ஐந்து குதிரைதான் வித்தியாசம். என்ன, அதன் எடை எண்ணூற்றுச் சொச்சம் கிலோ. உங்களுடையது 1,100 கிலோ. புதிய ஜிடிஐ 1,400-ஐயும் தாண்டிவிட்டது. சேர்ந்த குதிரைகளில் பாதி, சேர்ந்த எடையை இழுக்கவே போய்விடும் என்று நான் சொன்னால் அது பொய். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட உங்கள் வண்டிக்கு 9.7 வினாடி, அதற்கு 5.9. வித்தியாசம் முதுகில் அறைந்த மாதிரி தெரியும்.

சரி, அந்த 5.9 வினாடியை எங்கே வைத்துக்கொள்வீர்கள்?

நான்குவழிச் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு என்று போனால் இரண்டு வண்டியுமே தூங்கிக்கொண்டுதான் ஓடும். ஒன்று சொல்ல வேண்டும், ஆடி மாதம் முப்பந்தல் பக்கம் பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது தாழ்ந்து அகன்ற கோல்ஃப் உங்கள் போலோவைவிட அசையாமல் போகும். நீங்கள் சனிக்கிழமை காலையில் வண்டியை எடுப்பது அதற்காக இல்லையே. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாகப் பாபநாசம் போகிற சாலைக்காகத்தான் இருக்கும். ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் வாய்க்கால், நடுவில் ஊருக்கு நாலு வேகத்தடை. பிசான அறுப்பு சமயத்தில் ரோட்டிலேயே வைக்கோல் கிடக்கும். அங்கே மூன்றாவது கியரில் போலோவை முழுசாக மிதித்து, கையில் இருக்கிற அத்தனை குதிரையையும் செலவழித்துவிட்டுச் சிரிக்கலாம். கோல்ஃபில் பாதி மிதித்ததுமே எதிரே ஆட்டு மந்தை வந்துவிடும். அறுபதில் நிற்கத் தேவையான பிரேக் தூரம் நூறில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். ஆட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

எனக்கும் இந்த ஆசை வந்தது. ஸ்விஃப்டை விற்றுவிட்டு ஒரு டர்போ வண்டிக்கு மாறினேன். பெயர் வேண்டாம். பிக்கப் என்றால் அப்படி ஒரு பிக்கப். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், வீரவநல்லூர் தாண்டி ஒரு வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முன்கூட்டியே மிதித்துவிட்டேன். இழுப்பதும் திரும்புவதும் ஒரே முன்சக்கரம்தானே. ஈரத்தில் அது சுழன்று, ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போய், வண்டி வாழைத் தோப்பு ஓரத்துச் சகதியில் இறங்கிவிட்டது. டிராக்டர் கட்டி இழுத்தவர், "நீங்க வண்டிய ஓட்டிட்டு வந்தியளா, வண்டி உங்கள ஓட்டிட்டு வந்துச்சா அண்ணாச்சி?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. தப்பு என் காலில்தான், ஆனால் ஸ்விஃப்டில் அதே தப்பைப் பலமுறை செய்திருக்கிறேன். அது மன்னித்துவிட்டது.

ஜிடிஐக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது இது. அதன் முன் அச்சில், இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பங்கிட்டுக் கொடுக்கிற டிஃப்ரென்ஷியல் லாக் மின்னணுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வளைவில் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலாமல் அது பார்த்துக்கொள்ளும். இரண்டிலும் டிஎஸ்ஜி என்கிற இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்தான். போலோவில் இருப்பது உலர் கிளட்ச், கோல்ஃபில் எண்ணெயில் நனைந்த கிளட்ச். வண்ணார்பேட்டை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது பின்னதற்குச் சூடு குறைவு. இவற்றுக்காக வாங்கினால் வாங்குங்கள், நான் மறுக்க மாட்டேன். 265 என்ற எண்ணுக்காக என்றால் யோசிக்க வேண்டும்.

அப்புறம் டயர். கோல்ஃபில் வருவது 225/40 ஆர்18. பக்கச்சுவர் உயரம் 90 மில்லிமீட்டர்தான். நம் பஞ்சாயத்து ரோட்டுக் குழியில் ஒருமுறை இறங்கினால் ரிம்முக்கே அடி விழும். இங்கிருந்து மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ டயருக்காகப் போகத் தயாரா?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் போலோவுக்கு நல்ல டயர் நாலு, புது பிரேக் பேட், பத்து வருஷத்தில் தளர்ந்துபோன ஷாக் அப்சார்பர், இவ்வளவையும் மாற்றுவேன். ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ஒரு விடியற்காலையில் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகப் புனலூர் வரைக்கும் மலையில் ஓட்டிப் பார்ப்பேன். இறங்கி நிற்கும்போது இன்னும் பசி இருந்தால் கோல்ஃபுக்கு முன்பணம் கட்டுங்கள்.

அப்படிக் கட்டினால் போலோவை வெளியே விலை பேச வேண்டாம். முதலில் எனக்கு ஒரு போன் போடுங்கள்.