கிட்டாரிலிருந்து கணினிக்கு: ஒலி எங்கே தொலைகிறது?

கேள்வி: புதிதாக எலக்ட்ரிக் கிட்டார் வாங்கியிருக்கிறேன். கேபிளின் பெரிய முனையில் ஒரு அடாப்டரை மாட்டி, லேப்டாப்பின் மைக் துளையில் செருகிப் பதிவு செய்து பார்த்தேன். ஒலி மெலிந்தும் மங்கியும் வருகிறது. பின்னணியில் ஓயாத இரைச்சல். மென்பொருளில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டு வாசித்தால், தந்தியை மீட்டிச் சற்று நேரம் கழித்துத்தான் ஹெட்போனில் கேட்கிறது. வேகமான கணினி வாங்க வேண்டுமா? அல்லது ஆம்ப்ளிஃபையர் முன்னால் மைக் வைத்துத்தான் பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: புதுக் கணினி வாங்கும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒற்றைக் கிட்டாரைப் பதிவு செய்ய, அன்றாட வேலைக்கு உதவும் எந்த லேப்டாப்பும் போதும். நீங்கள் சொல்லும் மங்கலும் இரைச்சலும் பெரும்பாலும் அந்த மைக் துளையில் தொடங்குகின்றன. தாமதம் வேறு இடத்துக் கோளாறு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. கிட்டாரைச் செருகியபடியே அதன் வால்யூம் குமிழை முழுவதும் குறையுங்கள். பதிவு மென்பொருளைத் திறந்து, லேப்டாப்பின் ஓரத்தை விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். திரையில் ஒலியளவு காட்டும் பட்டை துள்ளினால், இதுவரை உங்கள் கிட்டார் கணினிக்குள் போகவே இல்லை என்று பொருள். இப்போதைய லேப்டாப்புகள் பலவற்றில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான். அது நான்கு தொடர்புகள் கொண்ட முனையை எதிர்பார்க்கிறது. கிட்டார் கேபிளில் இருப்பவை இரண்டே. கணினி அதை ஹெட்போன் என்று எடுத்துக்கொண்டு, தன் உடலில் பதித்திருக்கும் சிறு மைக்கிலேயே பதிவைத் தொடர்கிறது. நீங்கள் கேட்டது பிக்கப்பின், அதாவது தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டார் பகுதியின், ஒலி அல்ல. அறைக் காற்றில் வந்த வெறும் தந்திச் சத்தம். நீட்டிப் பிடித்த சுரம் நடுவில் திடீரென்று அமுங்குகிறதா என்றும் கவனியுங்கள். பேச்சுக்காக வைத்திருக்கும் இரைச்சல் நீக்கும் வசதி, நீண்டு ஒலிக்கும் சுரத்தையும் இரைச்சலாகக் கருதி நசுக்கிவிடும். ஒலி அமைப்புகளில் அதை நிறுத்திவிடலாம்.

பட்டை துள்ளவில்லை, கிட்டார் சரியாகவே உள்ளே போகிறது என்றாலும் மங்கல் போகாது. காரணம் இம்பீடன்ஸ், அதாவது மாறிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்துக்கு ஒரு கருவி காட்டும் எதிர்ப்பு. இதைப் புரிந்துகொண்டால் கடையில் எதை வாங்குவது, எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்துவிடலாம். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி. தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. கம்பியில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. பிக்கப்பை மல்டிமீட்டரில் அளந்தால் பெரும்பாலும் 6 முதல் 15 கிலோ ஓம் வரை காட்டும். அந்த எண்ணை நம்பிவிடக் கூடாது. அது நேர்மின்னோட்டத்துக்கான அளவு. கம்பிச்சுருள் என்பதால் அதிர்வெண் ஏற ஏற அதன் எதிர்ப்பும் ஏறும். 3, 4 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் போகும்போது நூறு கிலோ ஓமையும் எட்டிவிடும். லேப்டாப்பின் மைக் உள்ளீடோ சில கிலோ ஓம்தான். கொடுக்கும் பக்கம் எதிர்ப்பு பெரிதாகவும் வாங்கும் பக்கம் சிறிதாகவும் இருந்தால், மின்னழுத்தத்தின் பெரும்பங்கு கொடுக்கும் பக்கத்திலேயே தங்கிவிடும். தாழ்ந்த சுரங்களில் கொஞ்சமாவது தப்பி வருகிறது. பிக் தந்தியைத் தொடும் அந்த முதல் நொடியின் கூர்மையும், சுரத்தின் மினுமினுப்பும் இருக்கும் உயர் அதிர்வெண்களில் ஏறக்குறைய எல்லாமே தொலைந்துபோகிறது. பிறகு ஈக்குவலைசரில் (அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) அந்தப் பகுதியை ஏற்றினால், தொலைந்தது திரும்பாது. அதோடு சேர்ந்திருக்கும் இரைச்சல்தான் ஏறும்.

கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களின் உள்ளீடு வழக்கமாக 1 மெகா ஓம் அளவில் இருப்பது இதனால்தான். உங்களுக்குத் தேவை, இதே அளவு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ். யூ.எஸ்.பி. வழியாக இணையும் சிறு பெட்டி அது. முன்பக்கத் துளையின் அருகே கிட்டார் படமோ, ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்ற குறியோ இருக்கும். சில பெட்டிகளில் அதற்கென ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்த மறந்தால் மைக் துளையில் பட்ட பாட்டின் ஒரு பகுதியை மறுபடியும் படுவீர்கள். ஒன்று அல்லது இரண்டு உள்ளீடு உள்ள சிறிய பெட்டி போதும். 192 கிலோ ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) என்று விளம்பரப்படுத்துவதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். கிட்டார் ஸ்பீக்கர்கள் 5 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டினாலே வேகமாக மங்கிவிடுபவை. 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் மல்டி எஃபெக்ட்ஸ் பெடலோ சிறிய பயிற்சி ஆம்ப்ளிஃபையரோ இருந்தால், வாங்கும் முன் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். யூ.எஸ்.பி. துளை இருந்து, ஒலிப்பதிவுக்கு உதவும் என்று கையேட்டிலும் சொல்லியிருந்தால் அதுவே உங்கள் இன்டர்ஃபேஸ். கேபிளும் மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு மீட்டர் கேபிளும் ஏறத்தாழ 100 பிக்கோ ஃபாரட் கொள்ளளவைச் சேர்க்கிறது. நீளம் கூடக் கூட மேல்சுரங்கள் மழுங்கும்.

அடுத்தது கெயின், அதாவது உள்ளே வரும் ஒலியை இன்டர்ஃபேஸ் எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவு. இன்டர்ஃபேஸில் அதற்கான குமிழை முழுவதும் குறைத்துவைத்துத் தொடங்குங்கள். கிட்டாரின் வால்யூமை உச்சத்தில் வைத்து, பாட்டில் எவ்வளவு பலமாக அடிப்பீர்களோ அதைவிடச் சற்றுப் பலமாக ஆறு தந்திகளையும் சேர்த்து அடியுங்கள். உச்சங்கள் மைனஸ் 12 டெசிபல் அருகே வந்ததும் குமிழை விட்டுவிடுங்கள். சில கிட்டார்களுக்குக் குமிழைத் திருப்பவே தேவை இருக்காது. அலை சிறிதாகத் தெரிகிறதே என்று ஏற்றாதீர்கள். 24 பிட்டில் இடம் தாராளமாக இருக்கிறது; குறைவாகப் பதிந்ததைப் பின்னால் உயர்த்தலாம். பட்டையின் உச்சமான பூஜ்ய டெசிபலைத் தாண்டி வெட்டுப்பட்ட அலையைச் சரியாக மீட்க வழியில்லை.

இனி தாமதம். கணினி ஒலியைத் தொடர்ச்சியாகக் கையாளுவதில்லை. சிறு சிறு கட்டுகளாகச் சேர்த்துவைத்துக் கையாளுகிறது. அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். 48 கிலோ ஹெர்ட்ஸில் 1024 மாதிரிகள் கொண்ட கட்டு நிரம்ப 21 மில்லி விநாடி ஆகும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று 40 மில்லி விநாடிக்கு மேல் போய்விடும். கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம். அதே பஃபரை 128 ஆகக் குறைத்தால் இரண்டு வழிக்கும் சேர்த்து 5 மில்லி விநாடி சொச்சம். இன்டர்ஃபேஸும், அதைக் கணினியோடு பேசவைக்கும் நிரலான டிரைவரும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சேர்த்தாலும், நல்ல டிரைவர் இருந்தால் 10 மில்லி விநாடி அளவில் நிறுத்திவிடலாம். ஒலி காற்றில் 10 மில்லி விநாடியில் மூன்றரை மீட்டர் போல் செல்கிறது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து அத்தனை தூரம் தள்ளி நின்று வாசிப்பவர்கள் யாரும் தாமதம் என்று குறை சொல்வதில்லை.

விண்டோஸ் என்றால் பஃபரைக் குறைப்பது மட்டும் போதாது. இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏசியோ டிரைவரை நிறுவி, பதிவு மென்பொருளின் அமைப்பில் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸின் பொதுவான ஒலிப்பாதை நேரத்தைத் தின்னும். அதைச் சுற்றிப் போவதற்காக 1997இல் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்ததுதான் ஏசியோ. மேக்கில் அதனுடனேயே வரும் ஒலி அமைப்பான கோர் ஆடியோ இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. பஃபரைக் குறைத்ததும் ஒலியில் பொரிவதுபோல் சத்தம் கேட்டால் 256க்கு ஏற்றுங்கள். மற்ற நிரல்களை மூடுங்கள். எல்லாம் வாசித்து முடித்துக் கலவை வேலைக்கு வரும்போது 1024க்கே போய்விடலாம். அப்போது தாமதம் ஒரு பொருட்டல்ல.

ஒன்றைக் கேட்க மறந்துவிடக் கூடாது: உங்கள் ஹெட்போன் புளூடூத்தா? ஆம் என்றால், தாமதத்துக்கு அதுவே போதுமான காரணம். வழக்கமான புளூடூத் ஹெட்போன்கள் 100 மில்லி விநாடிக்கு மேல் தாமதிப்பவை. எந்த அமைப்பை மாற்றினாலும் அது தீராது. கம்பி உள்ள ஹெட்போனை இன்டர்ஃபேஸிலேயே செருகுங்கள்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகு வரும் ஒலி உங்களை ஏமாற்றக்கூடும்: உயிரில்லாமல், தட்டையாக இருக்கும். பயப்படாதீர்கள், அதுதான் சரியான ஒலி. எலக்ட்ரிக் கிட்டாரின் குரலில் பாதி ஆம்ப்ளிஃபையரிலும் ஸ்பீக்கரிலும்தான் உருவாகிறது. அந்த இரண்டையும் மென்பொருளில் சேர்க்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிடுபவர்களே அதிகம். ஸ்பீக்கர் பகுதி இல்லாமல் டிஸ்டார்ஷனை மட்டும் போட்டால், தேனீக் கூட்டை ஹெட்போனுக்குள் வைத்ததுபோல் இரையும். ‘கேபினெட்’ அல்லது ‘இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்’ என்ற பெயரில் இருக்கும் பகுதி ஓடுகிறதா என்று பாருங்கள். அது உயர் அதிர்வெண்களை வெட்டியதும் அதே ஒலி கிட்டாராக மாறிவிடும். மேக்கில் பதிவு மென்பொருளான கராஜ்பேண்டிலேயே ஆம்ப்ளிஃபையர்கள் இருக்கின்றன. விண்டோஸில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் சோதனைக்கு நிறுவி, ஆம்ப்ளிஃபையரின் ஒலியை உருவாக்கும், இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலரைச் சேர்த்துத் தொடங்கலாம். நியூரல் ஆம்ப் மாடலரில் நீங்கள் ஏற்றும் மாதிரி ஆம்ப்ளிஃபையர் மட்டுமா, ஸ்பீக்கரும் சேர்ந்ததா என்று பாருங்கள். ஸ்பீக்கர் இரண்டு முறை சேர்ந்தால் ஒலி மறுபடியும் மங்கிவிடும்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. ஹெட்போனில் எஃபெக்டோடு கேளுங்கள். கோப்பில் எஃபெக்ட் இல்லாத மூல ஒலியையே பதியுங்கள். மென்பொருளில் டிராக்கின் மேல் எஃபெக்டைப் போட்டால் பெரும்பாலும் இப்படித்தான் தானாகவே நடக்கும். இன்றைக்குப் பிடித்த டிஸ்டார்ஷன் பாஸும் டிரம்ஸும் சேர்ந்த பிறகு பொருந்தாமல் போகலாம். மூல ஒலி கையில் இருந்தால் ஆம்ப்ளிஃபையரை மட்டும் மாற்றினால் போதும். நன்றாக வாசித்த வாசிப்பை மறுபடி வாசிக்க வேண்டியதில்லை.

எஞ்சும் இரைச்சலுக்கு வருவோம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் பதிவு செய்யும்போது மட்டும் பேட்டரியையே பயன்படுத்துங்கள். போகவில்லை என்றால், நாற்காலியோடு மெல்லச் சுழன்று பாருங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் சுற்றியிருக்கும் மின்காந்த அலைகளையும் சேர்த்துப் பிடிப்பவை. ஏதாவது ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று அடங்கும், அந்தத் திசையிலேயே உட்கார்ந்து வாசியுங்கள். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இந்த இரைச்சலை ஒன்றையொன்று அழிக்கச் செய்வதுதான் ஹம்பக்கர். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் அதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு. தந்திகள் சர்க்யூட்டின் தரை இணைப்போடு சேர்ந்திருப்பதால் அப்படி நடக்கிறது. தொடும்போது சுர்ரென்று மின்சாரம் உணர்ந்தால் மட்டும் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மின் இணைப்பின் எர்த்தை ஓர் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

வாசிப்பைப் பற்றி இரண்டு சொல். ஒவ்வொரு பதிவுக்கும் முன் ட்யூன் செய்யுங்கள். சற்றே சுருதி விலகிய கிட்டாரை எந்த எஃபெக்டும் மறைக்காது. ஒலி அகலமாக வேண்டுமென்றால் ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் வையுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து இரு ஓரங்களில் வைத்தால் அகலம் வராது. இரண்டும் ஒன்றே என்பதால் ஒலி நடுவிலேயே நிற்கும். இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலுள்ள நுண்ணிய வேறுபாடுகள்தான் அந்த அகலம். அப்படி அடுக்கும்போது டிஸ்டார்ஷனைப் பாதியாகக் குறையுங்கள். தனியாகக் கேட்கையில் போதாததுபோல் தோன்றும். சேர்ந்து ஒலிக்கும்போது ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்கும்.

மைக்? அவசியமில்லை. உங்கள் ஆம்ப்ளிஃபையரின் ஒலி உங்களுக்குப் பிடித்திருந்து, அதைச் சத்தமாக ஓட்ட இடமும் இருந்தால் மட்டும் முயலுங்கள். ஷ்யூர் எஸ்.எம்.57 போன்ற டைனமிக் மைக் ஒன்றை ஸ்பீக்கர் துணியிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஸ்பீக்கர் கூம்பின் நடுவை நோக்கினால் ஒலி கூர்மை. விளிம்பு நோக்கி நகர நகர மென்மை. இரண்டு விரல்கடை நகர்த்துவதே பெரிய ஈக்குவலைசர் மாற்றத்துக்குச் சமம் என்பதால், குமிழ்களைத் தொடும் முன் மைக்கை நகர்த்திப் பாருங்கள். மைக் இல்லாமல் ஆம்ப்ளிஃபையரிலிருந்து நேராக எடுக்க நினைத்தால், லைன் அவுட் துளை இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்பீக்கர் அவுட் துளையிலிருந்து இன்டர்ஃபேஸுக்குக் கேபிள் போடவே கூடாது. அங்கே வரும் திறன் இன்டர்ஃபேஸின் உள்ளீட்டைச் சுட்டுவிடும். வால்வு ஆம்ப்ளிஃபையராக இருந்தால், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது அதன் டிரான்ஸ்ஃபார்மரையும் கெடுத்துவிடும்.