கர்ப்பத்தில் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைக்குப் புரதப் பவுடர் வேண்டுமா?

மும்பை தாராவி 90 அடி சாலைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டில் இட்லி வியாபாரம். விடியற்காலை 3 மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். கர்ப்பமாக இருந்தபோது வாந்தியும் வேலையுமாக, பல நாள் ஒரு வேளைச் சோறுதான். மகள் 2.2 கிலோவில் பிறந்தாள். இப்போது 2 வயது, 10 கிலோ. “தாய்க்குச் சத்து குறைந்தால் பிள்ளைக்கு அமினோ அமில வளர்சிதை மாற்றம் கெட்டுவிடும் என்று போனில் படித்தேன். இனி அவளுக்குப் புரதம் உடம்பில் ஒட்டாதா? டப்பா பவுடர் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கட்டுமா?”

பவுடர் வேண்டாம், சகோதரி. இந்த வயதில் அவளுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் புரதம் சுமார் 12, 13 கிராம்தான். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் இன்னொரு 6 கிராம். மீதியைப் பருப்புச் சோறு பார்த்துக்கொள்ளும். 2 வயதுப் பெண் குழந்தை 9 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் மகள் அதைத் தாண்டி நிற்கிறாள்.

நீங்கள் போனில் படித்ததில் இரண்டு விஷயங்கள் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். புரதம் செரித்தால் கிடைக்கும் சிறு துண்டுகள்தான் அமினோ அமிலங்கள்; உடம்பு அவற்றை உடைத்தும் சேர்த்தும் பயன்படுத்துவதுதான் வளர்சிதை மாற்றம். ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலத்தை உடைக்கும் நொதியே (என்சைம்) இல்லாமல் சில குழந்தைகள் பிறப்பதுண்டு. அது மரபணுக் கோளாறு. தாய் பட்டினி கிடந்ததால் வருவதில்லை.

சரி, தாய்க்குச் சத்து குறைந்தால் உண்மையில் என்ன நடக்கிறது? அமினோ அமிலங்கள் நஞ்சுக்கொடிக்குள் தாமாக வழிந்து போவதில்லை. நஞ்சுக்கொடி அவற்றைப் பம்ப் மாதிரி இழுத்து உள்ளே தள்ளுகிறது. அதனால்தான் குழந்தையின் ரத்தத்தில் அவை தாயின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாக இருக்கும். தாயிடம் வரத்து குறைந்ததும் நஞ்சுக்கொடி அதை உணர்ந்து இழுப்பைக் குறைத்துக்கொள்கிறது. குழந்தையின் உடல் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறது: மூளைக்கு முதல் பங்கு, தசை, ஈரல், கணையம், சிறுநீரகம் எல்லாம் அப்புறம்தான். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பிறப்பதற்குள் எத்தனை உருவாகின்றனவோ அத்தனைதான், பிறகு அந்த எண்ணிக்கை ஏறாது.

எலிகளில் செய்த ஒரு சோதனை எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். சினை எலிகளுக்குப் புரதத்தைப் பாதியாகக் குறைத்தபோது குட்டிகளுக்குப் பின்னாளில் ரத்த அழுத்தம் ஏறியது. அதே குறைந்த தீனியில் கிளைசின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தைச் சேர்த்தபோது அழுத்தம் ஏறவில்லை. வேறொரு அமினோ அமிலமான அலனினைச் சேர்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மொத்தப் புரதம் எத்தனை கிராம் என்பதோடு எந்த அமினோ அமிலம் என்பதும் முக்கியம் என்று அது காட்டியது. ஆனால் எலிக்குப் பலித்ததைப் பார்த்து யாரும் கிளைசின் மாத்திரை தேடிப் போக வேண்டாம்.

ஆக, உங்கள் மகளுக்குப் புரதம் ஒட்டும். சிக்கனத்துக்குப் பழகிய உடம்பு அது. திடீரென்று கொட்டினால் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். நம் நாட்டுக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தாலும் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறைவதில்லை என்று புனே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2 வயதில் மெலிந்திருந்து, அதன்பின் வேகமாகப் பருத்தவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகம் என்று டெல்லியில் பல ஆண்டு தொடர்ந்த ஆய்வு சொல்கிறது. பவுடரைத் தள்ளச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவள் உயரமும் எடையும் சேர்ந்து மெதுவாக ஏறட்டும். 3 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

நல்ல புரதம் உங்கள் கையிலேயே இருக்கிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, உளுந்தில் அது தாராளம். உளுந்தில் மெத்தியோனின் என்ற இன்னொன்று குறைவு, அதை அரிசி ஈடுகட்டும். வியாபார மாவில் விலைக்குக் கட்டுப்படியாக உளுந்தைக் குறைத்திருந்தால், மகளுக்கு மட்டும் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று தனியாக அரையுங்கள். வெறும் சட்னியோடு விடாமல் சாம்பாரில் பருப்பு கெட்டியாக இருக்கட்டும். அக்கம்பக்கத்து மராத்தி வீடுகளில் செய்கிற முளைகட்டிய ‘மட்கி’ப் பயறும் நன்றாக வேகவைத்தால் பிள்ளைகள் சாப்பிடும்.

இனி உங்கள் விஷயம். அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பதாகவும், 5 அடி உயரத்துக்கு 41 கிலோதான் இருப்பதாகவும் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். எனக்குக் கவலை அதில்தான். உங்கள் மும்பைக் குடிசைப் பகுதிகளிலேயே 2006-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். கீரை, பழம், பால் சேர்த்துச் சமோசா மாதிரிச் செய்த பலகாரத்தைப் பெண்களுக்குத் தினமும் கொடுத்தார்கள். கருத்தரிப்பதற்கு 3 மாதமாவது முன்பே தொடங்கியவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதலாகப் பிறந்தன. மிக மெலிந்திருந்த தாய்மார்களிடம் மட்டும் அந்தப் பலன் தெரியவில்லை. அதனால் முதலில், உங்கள் உயரத்துக்கு எடைக்குறைவின் எல்லையான 43 கிலோவையாவது தாண்டுங்கள், அதற்கு மேலும் ஏறினால் நல்லது. கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்க வேண்டும். ரத்தசோகையும் வைட்டமின் பி12-ம் பார்த்துவிட வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வழக்கமான புரதத்துக்கு மேல் தினமும் 22 கிராம் கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். இந்த முறையும் வாந்தி விடாமல் இருந்தால், பொறுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் போங்கள். அதற்கு மருந்து இருக்கிறது.

பவுடர் டப்பாவுக்கு ஒதுக்கிய பணத்தில் முட்டை வாங்குங்கள். மகளுக்கு ஒன்று, உங்களுக்கு இரண்டு. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்காமல், காலையில் இட்லிக் கூடை வாசல் தாண்டியதுமே. அடுத்த மாதம் அங்கன்வாடியில் அவளை எடை போடும்போது நீங்களும் தராசில் ஏறி, அந்த எண்ணை அவள் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.