ஐரோப்பிய டிரக் ரேஸில் எல்லா வண்டிக்கும் மணிக்கு 160 கி.மீ.தான் உச்ச வேகம் என்றால், ஒரு சீசனில் யார் ஜெயிப்பது என்பது எதை வைத்து முடிவாகிறது?

பிரேக்கை வைத்து. அதற்கு அடுத்தபடியாக, வளைவை விட்டு வெளியே வரும்போது யார் முதலில் 160-ஐத் தொடுகிறார் என்பதை வைத்து. எஞ்சின் சக்தி, டிரைவரின் துணிச்சல் எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான் வரும்.

இங்கே பேசுவது எஃப்ஐஏ என்ற உலக மோட்டார் பந்தய அமைப்பின் ஐரோப்பிய டிரக் ரேசிங் சாம்பியன்ஷிப்பைப் பற்றி. முன்பு கோப்பைப் போட்டியாக இருந்து, 2006 முதல் சாம்பியன்ஷிப் என்ற பெயரோடு நடக்கிறது. ஓடுவது இரண்டு ஆக்சில் உள்ள டிராக்டர் வண்டி, அதாவது கன்டெய்னர் டிரெய்லரை இழுத்துப் போகும் லாரியின் தலைப்பகுதி மட்டும். எடை ஐந்து டன்னைத் தாண்டும். 13 லிட்டர் வரை கொள்ளளவுள்ள டர்போ டீசல் எஞ்சின், 1,100 குதிரைத்திறனுக்கு மேல், டார்க், அதாவது சுழற்றும் முறுக்கு விசை, 5,000 நியூட்டன் மீட்டருக்கும் மேல். ரோட்டில் சரக்கு இழுக்கும் இதே வகை எஞ்சின் தருவதைப் போல இரண்டு மடங்கு சக்தி இது. எஞ்சினைப் பின்னால் தள்ளி, தாழ்வாக உட்கார வைத்திருப்பார்கள். கேபினுக்குள், வண்டி உருண்டாலும் டிரைவரைக் காக்கும் கூண்டு.

இவ்வளவு சக்தி இருந்தும் 160-க்கு மேல் போகக் கூடாது என்பது பாதுகாப்புக்கான விதி. வேகத்தை ஜிபிஎஸ் மூலம் கண்காணிக்கிறார்கள். தாண்டினால் அபராதம். இதனால் கார் ரேஸில் நாம் பார்த்துப் பழகிய ஒரு விஷயம் இங்கே எடுபடாது: முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு வந்து, நேர்ப்பாதையின் கடைசியில் வேகம் கூடி முந்துவது. இரண்டு பேருமே 160-ல் கட்டுண்டு பக்கத்தில் பக்கத்தில் போவார்கள். மிச்சம் இருப்பது பிரேக் போடும் இடம் மட்டும்தான்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தரை டன் வண்டி 160-லிருந்து 60-க்கு இறங்கினால், கழிக்க வேண்டிய ஆற்றல் சுமார் 4.7 மெகாஜூல். வீட்டில் 2,000 வாட் கீசரை 40 நிமிடம் ஓட விட்டால் எவ்வளவு வெப்பம் வருமோ, அவ்வளவும் நான்கைந்து நொடியில் பிரேக் டிஸ்க்குகளில் இறங்குகிறது. காற்று மட்டும் பட்டு அது ஆறாது. அடுத்த வளைவு வருவதற்குள் டிஸ்க் சிவந்துவிடும். அதனால்தான் ரேஸ் டிரக்கில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கொள்ளளவு சுமார் 200 லிட்டர். பிரேக் போடும்போது நாசில் வழியாகத் தண்ணீர் டிஸ்க் மேல் பீய்ச்சப்படும். ரேஸில் வளைவுக்கு முன்னால் சக்கரத்துக்குள்ளிருந்து வெள்ளையாகக் கிளம்புவது பெரும்பாலும் புகை இல்லை, நீராவி.

ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து முழுக்க ஆவியாக்க 2.6 மெகாஜூல் வேண்டும். ஆக, மேலே சொன்ன ஒரு பிரேக்குக்கு, ஒரு சொட்டுகூட வீணாகாமல் ஆவியானாலும், கிட்டத்தட்ட 1.8 லிட்டர். ஒரு ரேஸ் சுமார் 45 கி.மீ. நீளம். இத்தாலியின் மிசானோ போன்ற 4.2 கி.மீ. சர்க்யூட்டில் 11 சுற்று. சுற்றுக்கு ஐந்து முறை பலமாகப் பிரேக் போட்டால் 55 முறை, கிட்டத்தட்ட 100 லிட்டர். உண்மையில் பாதித் தண்ணீர் ஆவியாகாமல் தெறித்துப் போகும். 200 லிட்டர் தொட்டி எதற்கு என்பது இப்போது புரியும், அது ஏன் தாராளமான அளவு இல்லை என்பதும் புரியும்.

கோளாறு வருவதும் இங்கேதான். தண்ணீர் குறைவாகப் போனால் டிஸ்க் சூடாகி, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடின் மேற்பரப்பு கண்ணாடி போல் வழவழப்பாகி, பிடிப்பு போய்விடும். அதிகமாகப் போனால் இரண்டு சிக்கல். கடைசிச் சுற்றுகளுக்குத் தண்ணீர் மிஞ்சாது. சிவக்கச் சூடான டிஸ்க்கில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் கொட்டினால் வெடிப்பு விடும். ஒரு பக்க நாசில் அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம். இடது டிஸ்க் ஒரு வெப்பத்திலும் வலது டிஸ்க் வேறொரு வெப்பத்திலும் இருக்க, பிரேக்கில் கால் வைத்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். 160-ல் இரண்டு லாரிக்கு நடுவில் இருக்கும்போது அந்த இழுப்பு மோதலில்தான் முடியும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் நாசில்களைத் திறந்து பீய்ச்ச விட்டு, தாரை டிஸ்க்கின் இரண்டு முகத்திலும் சரியாக விழுகிறதா என்று பார்ப்பது பிட்டில் முக்கியமான வேலை. பம்பும் வால்வும் வேலை செய்கின்றனவா என்று காதால் கேட்டு முடிவு செய்யக் கூடாது, தண்ணீர் விழும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. 200 லிட்டர் என்பது 200 கிலோ. ரேஸ் போகப் போக அந்த எடை கரைகிறது. தொட்டி எங்கே பொருத்தியிருக்கிறதோ அந்த ஆக்சில் லேசாகும். முதல் சுற்றில் பணிந்து திரும்பிய வண்டி, பத்தாவது சுற்றில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சஸ்பென்ஷனை முழுத் தொட்டிக்காக அமைப்பதா, பாதித் தொட்டிக்காக அமைப்பதா என்பது ஒவ்வொரு டீமும் எடுக்க வேண்டிய முடிவு. என் கருத்தில் பாதித் தொட்டிக்கு அமைப்பதே நல்லது. முதல் இரண்டு சுற்றில் எப்படியும் நெரிசல்தான், அங்கே முழு வேகத்தில் ஓட்ட இடம் கிடைக்காது.

அடுத்தது வளைவை விட்டு வெளியே வருவது. டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்; பெரிய டர்போவுக்குக் காற்றழுத்தம் ஏற நேரம் பிடிக்கும். டிரைவர் வளைவின் நடுவிலேயே ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தத் தொடங்கினால்தான் வெளியே வரும்போது டார்க் கையில் இருக்கும். அவசரப்பட்டு முழுக்க அழுத்தினால் காற்று வருவதற்குள் டீசல் இறங்கி, கரும்புகை வரும். இந்தப் போட்டியில் கண்ணுக்குத் தெரியும் புகைக்கும் தண்டனை உண்டு. அதனால் எஞ்சின் மென்பொருளைச் சரிசெய்கிறவர் எந்த அழுத்தத்தில் எவ்வளவு டீசல் என்பதைக் கஞ்சத்தனமாகத்தான் வைக்க வேண்டும். 2021 முதல் எல்லா வண்டிக்கும் எரிபொருள் எச்விஓ, அதாவது தாவர எண்ணெய், கழிவு எண்ணெய் போன்றவற்றை ஹைட்ரஜனோடு வினைப்படுத்திச் செய்யும் டீசல். இது சாதாரண டீசலைவிடச் சுத்தமாக எரியும். ஆனால் காலை முரட்டுத்தனமாக வைத்தால் புகை வராமல் இருக்காது. டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு கழன்றால், வண்டி ஒரே நொடியில் சக்தி இழந்து புகையைக் கக்கும். மோதலில் முன்பக்கம் லேசாக நசுங்கிய வண்டி சில சுற்று கழித்து நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டயர் எல்லாருக்கும் ஒன்றுதான்: குட்இயர், 315/70 ஆர் 22.5. முன்னால் இரண்டு, பின்னால் இரட்டையாக நான்கு. பின்னால் நான்கு டயர் இருப்பதால் பிடிப்பு பின்பக்கம் அதிகம், முன்பக்கம் வழுக்கிக்கொண்டு நேராகப் போகப் பார்க்கும். பெரும்பாலான சர்க்யூட்டுகள் கடிகாரச் சுற்றில் ஓடுபவை, அதனால் முதலில் சாவது இடது முன் டயர். ஸ்டியரிங்கை அதிகமாக ஒடித்துப் பார்க்கும் டிரைவருக்கு அது இன்னும் சீக்கிரம் போகும். நன்றாக ஓட்டுகிறவர் நேர்கோட்டிலேயே பிரேக்கை முடித்து, ஒரே தடவை திருப்பி, சீக்கிரம் நிமிர்த்துவார். ரேஸைப் பார்க்கும்போது முன் சக்கரம் எவ்வளவு ஒடிந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். யார் கடைசியில் பின்தங்குவார் என்று நான்காவது சுற்றிலேயே சொல்லிவிடலாம்.

இனி புள்ளிக் கணக்கு. ஒரு வார இறுதியில் நான்கு ரேஸ், சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. ஒவ்வொரு நாளும் தகுதிச் சுற்று தனி. அதில் வேகமாக வந்தவர்கள் சூப்பர்போலில் மீண்டும் ஓடி முன்வரிசையைத் தீர்மானிக்கிறார்கள். அன்றைய முதல் ரேஸில் பத்து இடம் வரை 20, 15, 12, 10, 8, 6, 4, 3, 2, 1 என்று புள்ளி. இரண்டாவது ரேஸில் முதல் எட்டு பேர் தலைகீழாக நிற்பார்கள்: ஜெயித்தவர் எட்டாவது, எட்டாவது வந்தவர் முன்னால். அதற்குப் புள்ளி 10, 9, 8 என்று ஒவ்வொன்றாக இறங்கும்.

இதைக் கேட்டதும், வேண்டுமென்றே எட்டாவதாக வந்து அடுத்த ரேஸை ஜெயிக்கலாமே என்று தோன்றும். கட்டுப்படியாகாது. எட்டாவது வந்து பிறகு ஜெயித்தால் 3 + 10 = 13. ஜெயித்துவிட்டு, அடுத்ததில் எட்டாவதாகக் கிளம்பி ஐந்தாவதாக மட்டும் முடித்தால்கூட 20 + 6 = 26. சரியாக இரண்டு மடங்கு. ஆனால் நடுவில் வருகிறவர்களுக்கு இது வேறு கணக்கு. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். அந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால் அடுத்த ரேஸில் முதல் வரிசையின் முதல் இடம்.

ஒரு வார இறுதியில் அதிகபட்சம் 60 புள்ளி. எட்டு வார இறுதி உள்ள சீசன் என்றால் 480. இதில் ஒரு ரேஸில் முடிக்காமல் போவது பெரிய அடி, ஏனென்றால் எதிராளி 20-ஐ எடுத்துக்கொண்டு போவார், நீங்கள் முதல் ரேஸில் முடிக்காததால் இரண்டாவதிலும் பின்னாலிருந்து கிளம்புவீர்கள். ஒரு கோளாறு இரண்டு ரேஸைத் தின்றுவிடும். அதனால் அபராதம் வாங்காமல் ஓட்டுவது தனித் திறமை. வளைவின் உள்பக்கம் வைத்திருக்கும் அடையாளக் கூம்புகளைத் தட்டினால் நேர அபராதம். வேக வரம்பில் இன்னொரு நுட்பம்: ஸ்பெயினின் ஹராமா போன்ற ஏற்ற இறக்கமுள்ள இடத்தில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் டீசலைக் குறைத்தாலும் ஐந்தரை டன் எடை இறக்கத்தில் தானாகவே வண்டியைத் தள்ளும். அதனால் வரம்பை 160-க்குச் சற்றுக் கீழே வைப்பவர் சில நூறில் ஒரு பங்கு நொடிகளை இழப்பார், புள்ளிகளை இழக்க மாட்டார்.

இந்த ஒழுங்கைத்தான் பட்டியலும் காட்டுகிறது. ஜெர்மனியின் யோக்கன் ஹான் 2011, 2012, 2013, 2016, 2018, 2019 என்று ஆறு முறை சாம்பியன். முதல் நான்கு எம்ஏஎன் வண்டியில், கடைசி இரண்டு இவெகோவில். வண்டிக் கம்பெனி மாறியும் ஜெயித்தார். ஹங்கேரியின் நோர்பெர்ட் கிஷ் 2014, 2015-க்குப் பிறகு 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு. இடையில் 2017-ல் செக் டிரைவர் ஆடம் லட்ஸ்கோ. இருபது ஆண்டில் பட்டம் வென்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிர்ஷ்டம் பெரிய பங்கு வகிக்கும் போட்டியில் இப்படி நடக்காது.

இந்தியாவில் இதற்கு நெருக்கமாக நடந்தது டாடாவின் டி1 பிரைமா டிரக் ரேஸ். 2014 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் தொடங்கியது, சில ஆண்டுகள் ஓடியது. முதலில் வெளிநாட்டு டிரைவர்கள், பிறகு நம் ஊர் லாரி டிரைவர்களையும் பயிற்சி கொடுத்து இறக்கினார்கள். அது தொடர்ந்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

சீசனைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறீர்கள் என்றால், மே மாதத்தில் மிசானோவில் ஆரம்பித்து ஜூலையில் நூர்பர்க்ரிங் வரை உள்ள வார இறுதிகளில் யார் வேகமானவர் என்பதைப் பாருங்கள். பிறகு மோஸ்ட், சோல்டர், லெ மான், ஹராமா எல்லாம் செப்டம்பர், அக்டோபர் தொடக்கத்துக்குள் நெருக்கி வரும். இவற்றில் சோல்டரில் சிக்கேன், அதாவது வேகத்தைக் குறைக்க வைக்கும் அடுத்தடுத்த எதிரெதிர் வளைவுகள், அதிகம், பிரேக்குக்கு ஓய்வே கிடையாது. அங்கே ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ரேஸின் கடைசி மூன்று சுற்றில் யார் வண்டியிலிருந்து நீராவி வருவது நிற்கிறது என்று கவனியுங்கள். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பின்னால் வருபவருக்கும் அது தெரியும், அடுத்த பிரேக்கிலேயே உள்பக்கம் நுழைவார்.