பற்கள் ஓரிடத்தில் குவிவது ஏன்? நுண் புதைபடிவங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: புதைபடிவங்கள் கிடைக்கும் இடத்தில் ஒரு கூடை மண்ணைச் சலித்தால் நூறு பற்கள், மீன் செதில்கள் என்று நுண் எச்சங்களே கிடைக்கின்றன. முழு எலும்புக்கூடு ஒன்றுகூட இல்லை. எப்படி?

பதில்: முதலைகளும் டைனோசர்களும் வாழ்நாள் முழுவதும் பல் உதிர்த்து முளைக்க வைப்பவை. ஒரே விலங்கு ஏராளமான பற்களை விட்டுச் செல்லும். மெல்லிய எலும்பு நொறுங்கிப்போகும். பல்லின் கடினமான மேலுறையான எனாமல் தாக்குப்பிடிக்கும்.

கேள்வி: நீரோட்டம் எலும்புகளைத் தரம் பிரிக்குமா?

பதில்: பிரிக்கும். 1969இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் மைக்கேல் வூர்ஹீஸ் ஆட்டு எலும்புகளையும் கயோட்டி (வட அமெரிக்காவின் நாய் இன விலங்கு) எலும்புகளையும் ஓடுநீர்த் தொட்டியில் இட்டுப் பார்த்தார். விலா எலும்பும் முள்ளெலும்பும் முதலில் நகர்ந்தன; மண்டையோடும் தாடையும் பின்தங்கின. சிறு பற்களுக்கோ நீரில் அமிழும் வேகம்தான் கணக்கு. ஆகவே தன்னைப் போன்ற வேகத்தில் அமிழும் மணல் பருக்கைகளோடு சேர்ந்தே பல் படியும். சில மில்லிமீட்டர் பல் நுண்ணிய களிமண்ணில் கிடந்தால், அந்தக் களிமண்ணைப் படியவைத்த நீர் அதைக் கொண்டுவந்திருக்க முடியாது. அந்த விலங்கு அங்கேயோ அருகிலேயோ வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது அதைத் தின்ற வேறொன்று அங்கே வந்திருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ஆற்று மணலில் உள்ள குவியல்கள் ஆறு சேர்த்தவைதானே?

பதில்: பலரும் அப்படித்தான் நம்பினார்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் டைனோசர் கால ஜூடித் ரிவர் படிவுகளை ஆராய்ந்த ரேமண்ட் ரோஜர்ஸும் மாரா பிரேடியும் 2010இல் வேறு விளக்கம் தந்தார்கள். வண்டல் மெதுவாகப் படியும் குளத்தடியில் தலைமுறை தலைமுறையாக எச்சங்கள் சேர்கின்றன. பிறகு ஆறு தடம் மாறி அந்தப் படிவை அறுக்கிறது. களிமண் கரைந்தோட, கனமான துண்டுகள் ஆற்றடியில் தங்கிவிடுகின்றன. எனக்கு இந்த விளக்கமே வலுவாகப் படுகிறது. இதை மறந்து, மணற்படிவில் கிடைத்த அனைத்தும் ஒரே காலத்தில் கூடி வாழ்ந்தவை என்று பட்டியல் போடுவது பெரும்பிழை.

கேள்வி: தேய்ந்த பல் நெடுந்தூரம் பயணித்ததுதானே?

பதில்: தேய்மானம் தூரத்தின் அளவுகோல் அல்ல. ஒரே இடத்தில் மணல் அரித்தாலும் பல் தேயும். முதலையின் வயிற்று அமிலமும் எனாமலைக் கரைக்கும்.

கேள்வி: அரியலூர்ப் பகுதியில் இத்தகைய எச்சங்கள் உண்டா?

பதில்: உண்டு. அங்குள்ள கல்லமேடு படிவுகள், டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியைச் சேர்ந்த ஆற்றுப் படிவுகள். அங்கே கிடைத்த ட்ரூடான்டிட் வகை (பறவைகளுக்கு நெருங்கிய உறவுள்ள) டைனோசரின் ஒற்றைப் பல்லை ஆய்வாளர்கள் 2013இல் அறிவித்தார்கள். அங்கே ஆய்வுக்குச் செல்லும் மாணவர்கள், பல்லை எடுக்கும் முன் அது கிடந்த மண்ணின் பருக்கை அளவை எழுதிக்கொள்ளுங்கள். மண்ணைச் சலித்துக் கழுவிய பிறகு அந்தத் தகவலை மீட்கவே முடியாது.