தோட்டா சேம்பரில் ஏன் இறுகுகிறது?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாப்பிள்ளை டெக்சாஸில் இருக்கிறார், .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வைத்திருக்கிறார். சுட்ட பித்தளை கேஸ்களைப் பொறுக்கி வைத்து, அவரே மருந்து நிரப்பித் தோட்டா செய்துகொள்வார். இந்தத் தடவை செய்ததில் பாதிக்கு மேல் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) மூடவே மாட்டேன் என்கிறதாம், உள்ளங்கையால் தட்டி மூடுகிறாராம். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கே கோளாறு?
- வாசகர், ஓசூர்

பதில்: முதலில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, தட்டி மூடுவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள் ஐயா. கேஸ் நீளம் கூடிப்போய் அதன் வாய் சேம்பரின் (குழாயில் தோட்டா உட்காரும் அறை) முனையில் முட்டுகிறது என்றால், சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் குண்டைக் கவ்விக்கொள்ளும், உள்ளே அழுத்தம் எகிறிவிடும். முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற விஷயம் இது.

சரி, கோளாறைப் பிடிப்பது எப்படி? மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) இல்லாத வெறும் கேஸை வைத்துத்தான் சோதிக்க வேண்டும், உயிருள்ள தோட்டாவை வீட்டில் போட்டுப் பார்க்கவே கூடாது. போல்டிலிருந்து ஃபயரிங் பின்னை (பிரைமரை இடிக்கும் ஊசி) கழற்றிவிட்டால் ஸ்பிரிங்கின் இழுப்பு இருக்காது, எவ்வளவு இறுக்கம் என்று விரலுக்கே தெரியும். டையில் (சுட்ட கேஸை அழுத்தி அளவுக்கு ஒடுக்கும் அச்சு) போட்டு எடுத்த வெறும் கேஸே இறுகினால் குறை டை அமைப்பிலோ கேஸ் நீளத்திலோ இருக்கிறது. வெறும் கேஸ் வழுக்கிக்கொண்டு போய், மருந்தும் பிரைமரும் இல்லாமலே குண்டு பொருத்தியபின் மட்டும் இறுகினால் குண்டு வெளியே அதிகம் நீட்டிக்கொண்டு ரைஃப்ளிங்கில் (குழாயின் உட்புறச் சுழல் வரி) முட்டுகிறது, இல்லையென்றால் கிரிம்ப் (குண்டைக் கவ்வக் கேஸ் வாயை நெருக்குவது) அளவுக்கு மீறி அழுத்திக் கேஸின் தோள் (உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவு) பிதுங்கியிருக்கிறது. கேஸ் முழுக்கக் கறுப்பு மார்க்கரைப் பூசி, உள்ளே விட்டு எடுத்தால், உரசின இடத்தில் மை போய்ப் பித்தளை பளிச்சென்று தெரியும். டூல் ரூமில் நீலம் தடவி உரசல் பார்ப்பீர்களே, அதே வேலைதான்.

கேஸ் நீளத்தைக் காலிப்பரில் அளக்கச் சொல்லுங்கள். .308க்கு உச்ச வரம்பு 2.015 அங்குலம், அதாவது 51.18 மி.மீ. தாண்டியிருந்தால் 2.005 அங்குலத்துக்கு வெட்டிவிட வேண்டும்.

பெரும்பாலும் ஏமாற்றுவது டைதான். சுட்ட கேஸ் சேம்பர் அளவுக்கு ஊதியிருக்கும். டையைப் பிரஸ்ஸில் போதிய அளவு இறக்காமல் அரைகுறையாக அழுத்தினால், கேஸின் உடம்பு ஒடுங்கும், ஆனால் அந்தப் பித்தளை போக வேறு வழியில்லாமல் தோளை முன்னுக்குத் தள்ளிவிடும். அதனால் டைக்குள் போகுமுன் இருந்ததைவிட வெளியே வந்தபின் கேஸ் இன்னும் இறுக்கமாகிவிடும், பார்க்கிறவருக்கு ஒன்றுமே புரியாது. டையைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருகி இறக்கி, ஒவ்வொரு தடவையும் வெறும் கேஸைப் போட்டுப் பார்க்க வேண்டும். சுட்ட கேஸின் தோளைவிட 0.002 அங்குலம், சுமார் 0.05 மி.மீ. பின்னால் போனால் போல்ட் ரைஃபிளுக்குப் போதும். அதற்கு மேல் தள்ளினால் ஒவ்வொரு சுடுதலிலும் பித்தளை நீண்டு நீண்டு, அடிப்பக்கம் மெலிந்து ஒருநாள் கேஸ் இரண்டாகப் பிய்ந்துவிடும். வேறு துப்பாக்கியில் சுட்ட கேஸ்களை வாங்கிப் போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள், அடிப்பக்கம் அகன்றிருந்தால் சாதாரண டைக்கு ஒடுங்காது.

நிரப்பி முடித்த தோட்டாக்களை எக்காரணம் கொண்டும் மறுபடி டையில் அழுத்தக் கூடாது, உள்ளே பிரைமர் இருக்கிறது. புல்லட் புல்லர் போட்டுக் குண்டை உருவி, மருந்தைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

கேள்வி: பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறேன். தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. சுட்ட கேஸை நானே நிரப்பலாமா?
- வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: வேண்டாம். காட்டுப்பன்றித் தொல்லையில் உங்கள் அவதி தெரிகிறது, ஆனால் 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும், துப்பாக்கி வைத்திருக்கத் தந்த லைசென்ஸ் அதற்குச் செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாது, ஆயுள் வரை போகும். லைசென்ஸ் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். கடைத் தோட்டாவே இறுகினால் சேம்பரில் அழுக்கோ துருவோ, கேஸில் பச்சைக் களிம்போ இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எதுவும் இல்லாமலும் இறுகினால் அந்தத் தோட்டாவைச் சுடாமல் கடையிலேயே காட்டுங்கள்.