சிலியில் ஜெயித்த யுகோஸ்லாவியா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், சிலியில் யுகோஸ்லாவிய அணி வென்ற 1987 உலக இளைஞர் கால்பந்துக் கோப்பையைப் பற்றித்தான். அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கே: நம் இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த இகோர் ஸ்டிமாக் அந்த அணியில் இருந்தாரா?

ப: இருந்தார், தடுப்பாட்டத்தில். இங்கே அவர் வாங்கிய சிவப்பு அட்டைகளை மட்டும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

கே: பொபான், ஷூகர், மிஹைலோவிச், யூகோவிச், பொக்சிச் எல்லாம் ஒரே அணியில்! யார்தான் தோற்கடிக்க முடியும்?

ப: கடைசி மூன்று பேரும் சிலிக்கு விமானமே ஏறவில்லை. அணிப் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: தொடரின் சிறந்த வீரர் ப்ரோசினெச்கி இறுதியாட்டத்தில் எத்தனை கோல் போட்டார்?

ப: ஆடவே இல்லை. அவருக்கும் சக வீரர் மியாடோவிச்சுக்கும் அன்று தடை. அவர் தங்கப் பந்து வாங்கியது அதற்கு முந்தைய ஆட்டங்களுக்காக. காலிறுதியில் பிரேசிலைக் கடைசி நேரத்தில் சாய்த்தது அவருடைய ஃப்ரீ கிக். இறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பொபான் கோல் அடித்தார். இரண்டே நிமிடத்தில் விடெச்செக் பெனால்டியில் சமன் செய்தார். பெனால்டி டைபிரேக்கரில் அதே விடெச்செக் கோட்டைவிட, கடைசி அடியை பொபான் உள்ளே தள்ளினார். 5-4.

கே: 1978-ல் யுகோஸ்லாவிய இளைஞர்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்றார்களா, தோற்றார்களா? இரண்டு விதமாகவும் படித்தேன்.

ப: இரண்டும் சரி. 21 வயதுக்குட்பட்டோர் கிழக்கு ஜெர்மனியை வென்றார்கள். 18 வயதுக்குட்பட்டோர் இறுதியில் சோவியத்திடம் தோற்றார்கள். வயதுப் பிரிவைப் பாருங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது?

கே: நாடு பிரியாமல் இருந்திருந்தால் 1998 உலகக் கோப்பை யுகோஸ்லாவியாவுக்குத்தானே?

ப: மாதம் இரண்டு பேராவது இதைக் கேட்டுவிடுகிறீர்கள். உங்கள் கணக்கு எனக்கு மனப்பாடம். அந்த ஆண்டு மூன்றாம் இடம் பிடித்த குரோஷியாவில் பொபான், ஷூகர், ப்ரோசினெச்கி, யார்னி, ஸ்டிமாக் என்று சிலிக்குப் போன ஐந்து பேர். ஷூகர் 6 கோலுடன் தங்கக் காலணி. செர்பியாவும் மாண்டினீக்ரோவுமாக மிஞ்சிய யுகோஸ்லாவியாவில் மியாடோவிச். நெதர்லாந்துக்கு எதிராகப் பெனால்டியைக் குறுக்குக் கம்பத்தில் அடித்தாரே, அவரேதான். இரண்டையும் கூட்டினால் கோப்பை!

ஐயா, இந்தக் கூட்டல் நாடு உடைவதற்கு முன்பே போட்டுப் பார்த்ததுதான். 1990-ல் இதே தலைமுறை 21 வயது ஐரோப்பிய இறுதிக்குப் போனது. சோவியத்திடம் சரயேவோவில், சொந்த மண்ணில், 2-4. இரண்டாவது ஆட்டத்தைச் சோவியத் மண்ணில் போய் ஆடியபோது 1-3. அதே ஆண்டு மே மாதம் ஜாக்ரெபின் மக்சிமிர் மைதானத்தில் குரோஷியக் கிளப்பான தினாமோ, செர்பியக் கிளப்பான ரெட் ஸ்டார் ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள். கலவரத்தில் போலீஸ்காரரை உதைத்த பொபானுக்கு இத்தாலி உலகக் கோப்பை கைநழுவியது. சிலி இறுதியாட்டம் நடந்த சாண்டியாகோவில் தோளில் கைபோட்டு நின்ற பிள்ளைகளைச் சுற்றி மூன்றே வருடத்தில் அவ்வளவு நடந்துவிட்டது. எந்தப் பிரிவில், எந்த ஆண்டில் யார் ஆடினார்கள் என்று பார்க்காமல் பெயர்களை அடுக்கினால் எந்த நாட்டுக்கும் கோப்பை வாங்கிக் கொடுத்துவிடலாம்.

கே: பயிற்சியாளர் யார்? பிறகு என்ன ஆனார்?

ப: மிர்கோ யோசிச். சிலி அவரை விடவில்லை. 1991-ல் அங்குள்ள கோலோ கோலோ கிளப்புக்கு, தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான லிபர்டடோரெஸ் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். சிலி கிளப் ஒன்று அதை வென்றது அதுவே முதல் முறை.

கே: சிலியில் யுகோஸ்லாவியா மொத்தம் 22 கோல் அடித்தது சரிதானே?

ப: 17. டைபிரேக்கரில் அடித்ததைக் கோல் கணக்கில் சேர்க்கக்கூடாது.